நிரந்தர நோயாளி

மேல்வரிசைக் கோரைப்பல்லை மெழுகில் நட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. இடது கையில் யாருடையதோ மேல்தாடை. வலது கையில் சூடான கத்தி. செட்டு தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, “யாரு?” என்றார்.

“பெரிய ஆஸ்பத்திரி ஆபீஸ்லேர்ந்து பேசறேன்.”

பெண் குரல். ஜலதோஷம் பிடித்த மாதிரி முழுக்க மூக்காலேயே பேசியது.

“பெரிய ஆஸ்பத்திரியா?” என்றார் செட்டு, வேண்டியதற்கு மேல் சத்தமாக.

“ஆமாம். பல் பிரிவுல டெக்னீசியன் வேலைக்கு உங்களை எடுத்திருக்கு. சேர்றீங்களா, இல்லையா?”

கோரைப்பல் நழுவி மேஜையில் உருண்டது.

“யோசிச்சு... சொல்றேம்மா.”

“வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. இல்லைன்னா இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பல்செட் கட்டிக் கொடுப்பது செட்டு வேலை பார்த்த லேபின் தொழில். முழுச்செட் கட்டுவதில் அவர் கைகாரர் என்பதால் ‘செட்டு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. இத்தனை வருஷமாக அடுத்தவர் வாய்க்குள் இருப்பதைக் கட்டியே தன் வீட்டு வாய்களை நிரப்பி வந்திருந்தார். அந்த நிம்மதி, மூலையில் வந்து நின்ற மெஷினோடு போயிற்று.

மெஷினுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. வாயைப் படம் பிடித்துக் கொடுத்தால் போதுமாம். செட்டு ஒரு நாள் முழுக்க முதுகு ஒடியக் குனிந்து கட்டுவதை, டீ ஆறுகிற நேரத்தில் அது அச்சடித்துத் தள்ளிவிடுமாம்.

“மெஷின் நமக்கு உதவிக்குத்தாம்ப்பா,” என்று முதலாளி சொல்லியிருந்தார்.

“உதவிக்கு வந்ததுக்கு பிளக் பாயின்ட் எங்கே அடிச்சிருக்காங்க, பாத்தீங்களாண்ணே?” என்று எதிர் மேஜைக்காரன் காதோரம் கேட்டிருந்தான். மெழுகு உருக்குகிற வேலை அவனுக்கு. ஆளையும் மெழுகு என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிளக் பாயின்ட் செட்டுவின் நாற்காலிக்கு நேர் பின்னால் இருந்தது.

அந்த பிளக் பாயின்ட்தான் அவரை ஆஸ்பத்திரி வேலைக்கு மனுப் போட வைத்தது. நேர்காணலுக்குப் போன அன்று வீட்டில் ‘அவசர ஆர்டர்’ என்றார். லேபில் ‘வயிற்றுப்போக்கு’ என்றார். இரண்டு இடத்திலும் நம்பினார்கள். அதுதான் அவருக்குத் தப்பான தைரியத்தைக் கொடுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் நிரந்தரம். வயசான பிறகு பென்ஷன். அங்கே ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் அவர் நோயாளியைக் கடித்தால்தான் உண்டு. போனால், வாடகையும் மகளின் பள்ளிக்கூடமும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும். போகாவிட்டால், முதுகுக்குப் பின்னால் பிளக் பாயின்ட். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இரண்டு பக்கமும் பட்டினிதான். ஒன்று மெதுவாக வரும். மற்றது சொல்லாமல் வரும்.

“அண்ணே, பெரிய ஆஸ்பத்திரின்னீங்களே. யாருக்கு என்ன?”

மெழுகு கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றான். அவனிடம் ஒன்றைச் சொல்வதும் மாடியிலிருந்து தண்டோரா போடுவதும் ஒன்றுதான். வேறு வேலை தேடுகிறார் என்று முதலாளி காதுக்குப் போனால், மெஷின் உறையை இன்றைக்கே பிரித்துவிடுவார்கள்.

“மாமியாருக்கு,” என்றார் செட்டு.

“ஐயையோ. என்னவாம்?”

“டெஸ்ட் எடுத்திருக்கு. இன்னும் முடிவு வரலை.”

தொழில் முழுக்க வாய்க்குள்ளேயே நடந்தும் சொந்த வாயை அடக்கத் தெரியாமல் போயிற்று அவருக்கு.

மறுநாள் புதன்கிழமை. இரவெல்லாம் புரண்ட சோர்வில் போனை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார். உள்ளே நுழைந்ததும் முதலாளி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பாதியில் விட்ட செட்டை முடித்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கும் செட்டு வயசுதான். இருவரும் ஒரே இடத்தில் தொழில் படித்தவர்கள். வேலையில் சுத்தமான கை. ஆனால் லேபை எடுத்து நடத்த ஆரம்பித்த நாளிலிருந்து போன் பேசியே பாதி ஆயுள் போய்க்கொண்டிருந்தது.

“மாமியாருக்கு உடம்பு முடியலைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றார் முதலாளி, உண்மையான வருத்தத்தோடு. “இங்கே எதுக்கு வந்தே? போ, பக்கத்துல இரு.”

“இல்லை சார், வேலை...”

“வேலையை நான் பாத்துக்கறேன். முதல்ல கிளம்பு.”

தன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துகொண்டு ‘கிளம்பு’ என்று சொல்வது செட்டுவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் ‘மாமியார் நன்றாக இருக்கிறார்’ என்று சொல்லவும் முடியாது. கிளம்பினார்.

வீட்டுக்குப் போனால் ஏன் சீக்கிரம் வந்தீர்கள் என்ற கேள்வி வரும். கால் போன போக்கில் நடந்தார். கால்கள் அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் பெரிய ஆஸ்பத்திரி. வந்ததுதான் வந்தோம், வேலை பார்க்கப்போகிற இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் முடிவெடுக்க வசதியாக இருக்குமே என்று உள்ளே போனார்.

பல் பிரிவின் பின்கட்டில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு டெக்னீசியன் மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரும் அவரை எழுப்பவில்லை. ஒரு நர்ஸ் அவர் தலைக்கு மேலாகவே எட்டி எதையோ எடுத்துப் போனாள், ஜன்னல் கதவு படபடக்கிறதென்று அதைச் சாத்தியும்விட்டுப் போனாள். செட்டுவுக்குக் கண் கலங்கியது. தூக்கத்துக்கும் சேர்த்துச் சம்பளம் தருகிற ஓர் உலகம். ஆனால் பாதிச் சம்பளம். ஆனால் தூக்கம். நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கோலத்தில்தான் கீழ்வீட்டு அம்மாள், கண்ணுக்குச் சொட்டுமருந்து வாங்க வந்தவள், அவரைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கரிசனத்தோடு ஒதுங்கிப் போய், நேராக அவர் மனைவியிடம் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்ததும் செட்டுவுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. டிவி ஓடவில்லை. மாமியார் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். வந்த நாளிலிருந்து அந்த நாற்காலியை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ‘படி படி’ என்று கத்தினாலும் புத்தகத்தைத் தொடாத மகள், மூலையில் தானாகப் படித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவரை உலுக்கியது.

“என்ன ஆச்சு? யாருக்கு என்ன?”

மனைவி சமையலறை வாசலில் நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

“எங்கிட்ட மறைச்சிட்டீங்களே,” என்றாள்.

“எதை?”

“போனை வீட்டுல வெச்சிட்டுப் போயிட்டீங்க. பெரிய ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க வந்து சேர்றீங்களா இல்லையான்னு தெரியணுமாம். லேட் பண்ணினா இடம் அடுத்த ஆளுக்குப் போயிடுமாம்.” குரல் உடைந்தது. “கட்டில்கூடக் கிடைக்காத அளவுக்கா முத்திப்போச்சு?”

செட்டு வாயைத் திறந்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

“இல்லைன்னு சொல்லாதீங்க. தலையைப் பிடிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்திருந்ததைக் கீழ்வீட்டம்மா கண்ணால பாத்திருக்காங்க.”

இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று செட்டு தீர்மானித்தார். மனைவியை உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். மெஷின், மனு, நேர்காணல், நிரந்தரம், பென்ஷன், பாதிச் சம்பளம். சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து பெரிய கல் இறங்கின மாதிரி இருந்தது.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பாதிச் சம்பளத்துக்கு யாராவது வேலைக்குப் போவாங்களா? பொய் சொல்றதுன்னாலும் நம்பற மாதிரி ஒண்ணு சொல்லக்கூடாதா?”

“பொய் இல்லை. சத்தியமா வேலைதான்.”

“எங்களைக் கலங்க விடக்கூடாதுன்னு பாக்கறார்மா,” என்றாள் தாயிடம் திரும்பி.

“அவர் குணம் அப்படி,” என்றாள் மாமியார். “நல்ல மனுஷரா இருந்தார்.”

“இன்னும் இருக்கேன் அத்தை!”

“இருங்க மாப்பிள்ளை, நல்லா இருங்க,” என்று சொல்லிவிட்டு மாமியார் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

செட்டு கடைசி அஸ்திரத்தை எடுத்தார். போனை மனைவி கையில் திணித்து, “அதே நம்பருக்கு நீயே பேசு. என்ன வேலைன்னு நீயே கேளு,” என்றார். ஆபீஸ் மூடுகிற நேரம் தாண்டியிருந்தது. மூக்குக்காரி எடுக்கவில்லை. பதிவு செய்த குரல் எடுத்தது. ‘அவசரப் பிரிவுக்கு எண் ஒன்றை அழுத்தவும். புற்றுநோய்ப் பிரிவுக்கு எண் இரண்டை அழுத்தவும்...’

மூன்றாவது எண் வருவதற்குள் போன் தரையில் கிடந்தது.

வியாழக்கிழமை காலை, பேசாமல் லேபுக்குப் போய் வேலையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் என்று போனார். வீட்டில் எல்லோரும் அவரைக் கண்ணாடிச் சாமான் மாதிரி நடத்த ஆரம்பித்திருந்தார்கள். குளிக்கப் போனால் வாசலில் ஒருவர் காவல். தும்மினால் மூன்று பேர் ஓடிவந்தார்கள். கிளம்பும்போது சமையலறையிலிருந்து மாமியாரும் மனைவியும் பேசிக்கொள்வது காதில் விழுந்தது.

“இந்த வீடு வேண்டாம்மா. சின்னதா ஒண்ணு பாத்துக்கலாம்,” மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். “நான் தையல் கடையில கேட்டு வெச்சிருக்கேன். பள்ளிக்கூடத்தை மட்டும் மாத்தவே மாட்டேன். அவர் ஆசைப்பட்டு சேர்த்தது.”

செட்டு செருப்பை மாட்டாமல் அப்படியே நின்றார். இத்தனை நாளாக ராத்திரியெல்லாம் விழித்து, பாதிச் சம்பளத்தில் இந்தக் குடும்பம் எப்படி நடக்கும் என்று அவர் மண்டையைப் போட்டுக் குழப்பியிருக்கிறார். சம்பளமே இல்லாமல் எப்படி நடத்துவது என்பதை இவள் ஒரே ராத்திரியில் முடிவு பண்ணிவிட்டாள். அதில் அவருக்குப் பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. தன்னை எடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று யாருக்குத்தான் கேட்கப் பிடிக்கும்?

லேபில் முதலாளி கேட்டார், “மாமியார் எந்த வார்டு? போய்ப் பாத்துட்டு வரேன்.”

“பாக்க விடமாட்டாங்க சார்.”

“எனக்கு அங்கே ஆளைத் தெரியும். வார்டை மட்டும் சொல்லு.”

செட்டுவுக்குப் பகீரென்றது. “வார்டுல இல்லை சார். வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டோம்.”

“நல்லதாப் போச்சு. சாயங்காலம் வீட்டுக்கே வரேன்.”

ஒரு பொய்யிலிருந்து இறங்க அவர் காலை வைத்த படியெல்லாம் அடுத்த பொய்யாகவே இருந்தது. மத்தியானமே வீட்டுக்கு ஓடினார். மாமியார் கூடத்தில் உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலையைக் கடக்கு கடக்கு என்று மென்றுகொண்டிருந்தாள். அவர் கட்டிக் கொடுத்த பல்செட்தான். கல்லைக் கொடுத்தாலும் அரைக்கும்.

“அத்தை, ஒரு உதவி. சாயங்காலம் முதலாளி வரார். அவர் போற வரைக்கும் நீங்க நோயாளி மாதிரி படுத்துக்கணும்.”

“நானா? எதுக்கு?”

“உங்களுக்குத்தான் உடம்பு முடியலைன்னு அங்கே சொல்லி வெச்சிருக்கேன்.”

மாமியாருக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்தது. அதாவது, எல்லாம் தப்பாகப் புரிந்தது. தன் வியாதி முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மாப்பிள்ளை பயப்படுகிறார். வியாதியோடு வியாதியாக உழைக்கிறார். இந்தக் குடும்பத்துக்காக.

“ஒரு நாள் என்ன மாப்பிள்ளை,” என்றாள் தழுதழுத்து, “நீங்க சொன்னா ஒரு மாசம் படுப்பேன்.”

முதலாளி ஒரு பை ஆப்பிளோடு வந்தார். மாமியார் கழுத்து வரை போர்த்திக்கொண்டு முனகினாள். முனகல் பிரமாதமாக இருந்தது. செட்டுவே ஒரு கணம் பயந்துபோனார். மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

“இப்ப எப்படிம்மா இருக்கு?” என்றார் முதலாளி.

“இருக்கேன் தம்பி,” என்றாள் மாமியார் ஈனக்குரலில்.

முதலாளியின் கண் அவளுடைய வாயிலேயே இருந்தது. தொழில்காரர் கண். “மேல் செட்டு கொஞ்சம் ஆடுதே. அனுப்புங்க, சரி பண்ணித் தரேன்,” என்றவர், நோயாளியிடம் பேசுகிறோம் என்பது நினைவுக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எதுக்கும் கவலைப்படாதீங்க. தங்கமான மாப்பிள்ளை. கடைசி வரைக்கும் உங்களைப் பக்கத்துல இருந்து பாத்துப்பார்.”

‘கடைசி’ என்ற சொல் மாமியாரை உடைத்துவிட்டது. போர்வையை உதறி எழுந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு என்ன தம்பி கேடு? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். போகப்போறது அவர்தான் தம்பி! மாப்பிள்ளைதான்!”

“அத்தை!”

“நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. நல்ல மனுஷர்கிட்ட எத்தனை நாள் மறைக்கிறது?”

முதலாளி செட்டுவைப் பார்த்தார். செட்டு சுவரைப் பார்த்தார். அணை உடைந்த மாதிரி மனைவி எல்லாவற்றையும் கொட்டினாள். “நேத்து ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்தது சார். நாளைக்குள்ள சேர்றாரா இல்லையான்னு சொல்லணுமாம். இல்லைன்னா இடம் அடுத்த ஆளுக்குப் போயிடுமாம். கேட்டா எங்கிட்ட ஏதோ வேலை, பல் பிரிவு, பென்ஷன்னு கதை சொல்றார் சார்...”

முதலாளியின் டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

“எந்த ஆஸ்பத்திரி?”

“பெரிய ஆஸ்பத்திரி.”

“பேசினது ஆம்பளையா, பொம்பளையா?”

“பொம்பளைதான் சார். முழுக்க மூக்காலேயே பேசினா.”

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். மாட்டிக்கொண்டோம் என்று செட்டுவுக்குத் தோன்றியது. ‘வேலை தேடினாயா?’ என்று கேட்கப்போகிறார். ஆமாம் என்றால் லேப் போய்விடும். வாயைத் திறக்கவும் பயம், மூடவும் பயம். விழுங்கிய எச்சில் புரையேறியது. இருமினார்.

அந்த இருமல் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டது. மனைவி வாய்விட்டு அழுதாள். முதலாளி எழுந்து வந்து செட்டுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

“எங்கிட்ட சொல்லக்கூடாதாப்பா? நாம ஒண்ணாப் படிச்சவங்க இல்லையா? கேட்டுக்கோ. நீ உயிரோட இருக்கற வரைக்கும் லேப்ல உன் நாற்காலி உன்னோடது. சம்பளத்துல ஒரு பைசா குறையாது. அந்த பிளக் பாயின்டை நாளைக்கே பிடுங்கி எறியச் சொல்றேன்.”

செட்டு தன் காதுகளை நம்பவில்லை. “உயிரோட இருக்கற வரைக்குமா சார்?”

“உயிரோட இருக்கற வரைக்கும். ஆனா ஒண்ணு. அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போகாதே. உள்ளே போனவன் எவன் முழுசா வெளியே வந்திருக்கான்? நாளைக்கு அவங்களுக்குப் போன் பண்ணி, வரலைன்னு உன் வாயாலேயே சொல்லிடு. பாவம், அந்த இடத்துக்கு எவன் காத்துக்கிட்டு இருக்கானோ.”

“அப்ப மருந்து, மாத்திரை?” என்றாள் மனைவி.

“மனசு நிம்மதியா இருந்தா அதுவே மருந்தும்மா,” என்றார் முதலாளி. “நாளைக்கும் நாளன்னைக்கும் லேபுக்கு வரவேண்டாம். ஓய்வெடு. திங்கட்கிழமை வா.”

வெள்ளிக்கிழமை முழுக்க செட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். ஒரு பக்கம் பாதிச் சம்பளமும் நிரந்தரமும். இன்னொரு பக்கம் முழுச் சம்பளமும் நிரந்தரமும். கூடவே, நிரந்தரமாக ஒரு வியாதி. உத்தரவாதம் வியாதிக்குத்தான், ஆளுக்கு இல்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. குணமாகிவிட்டால் பிளக் பாயின்ட் பழைய இடத்துக்கு வந்துவிடும். செத்தாலும் பிரயோஜனமில்லை. குணமாகவும் கூடாது, சாகவும் கூடாது. பென்ஷன் வயசு வரைக்கும் நடுவிலேயே நிற்க வேண்டும். உலகத்தில் எத்தனையோ பேர் அப்படித்தானே இருக்கிறார்கள்? இருமத் தெரிந்தால் போதாதா?

இந்த மாதிரி ஒரு பிழைப்பைப் பற்றித் தான் உட்கார்ந்து நிதானமாக யோசிக்கிறோம் என்பதே அவருக்கு அழுகையை வரவழைத்தது. இருந்தாலும் யோசித்தார். அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தரம் இருமியும் பார்த்தார். அதற்கே மகள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் போன் போட்டார்.

“எனக்கு அந்த வேலை வேண்டாம்மா.”

“நல்லா யோசிச்சீங்களா?” என்றது மூக்கு. “நிரந்தர வேலை.”

“எனக்கு இங்கேயே நிரந்தரமாயிடுச்சு.”

“சரி. பெயரை எடுத்துடறேன்.”

போனை வைத்ததும் வெகுநாளைக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போய்வந்தது. திரும்பினார். மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். போனில் அந்தப் பக்கம் பேசினதும் அவள் காதில் விழுந்திருந்தது.

“வேலையா?” என்றாள் மெதுவாக.

“அதைத்தானே மூணு நாளா சொல்றேன்! எனக்கு ஒரு வியாதியும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரில வேலை. பல் டெக்னீசியன்.”

“நிரந்தர வேலையா?”

“ஆமாம்.”

“பென்ஷன் உண்டா?”

“உண்டு.”

மூன்று நாளாக ஒரு வார்த்தைகூட நம்பாதவள் இப்போது முழுதாக நம்பினாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“அதையா வேண்டாம்னு சொன்னீங்க?”

“பாதிச் சம்பளம்டி...”

“சம்பளமே இல்லாம குடும்பம் நடத்தறதுக்கு முந்தாநாள் ராத்திரியே நான் தயாராயிட்டேன்! பாதிச் சம்பளத்துல ராஜபோகமா நடத்தியிருப்பேனே! அம்மா, இங்கே வந்து கேளுங்க இந்தக் கூத்தை. இவருக்கு ஒண்ணுமே இல்லையாம்!”

மாமியார் வந்தாள். கேட்டாள். முதலில் அவள் முகத்தில் நிம்மதி வந்தது. பிறகு தான் போர்த்திக்கொண்டு முனகியது நினைவுக்கு வந்தது. கூடத்து மூலையில் இருந்த தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு டிவியைப் போட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் அந்த வீட்டில் யாரும் செட்டுவோடு பேசவில்லை. இருமினார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உண்மையிலேயே வியாதி வந்திருக்கக்கூடாதா என்றிருந்தது. ஒரே ஒரு நினைப்புதான் அவரை எழுந்து நடக்க வைத்தது: முதலாளி கையைப் பிடித்துக்கொண்டு கொடுத்த வாக்கு. வீடு பேசாவிட்டால் போகிறது, நாற்காலி இருக்கிறது. வீட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாளை ஓட்டினார்.

திங்கட்கிழமை காலை, முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொண்டு, நடையையும் சற்றுத் தளர்த்திக்கொண்டு லேப் இருக்கும் தெருவுக்குள் திரும்பினார். வாசலில் ஒரு வண்டி நின்றது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெஷினை நாலு பேர் அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செட்டுவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. பிளக் பாயின்டை மட்டும்தான் பிடுங்கச் சொல்வார் என்று நினைத்தார். மனுஷர் மெஷினையே திருப்பி அனுப்புகிறாரே!

வண்டி போனதும் கதவைப் பார்த்தார். பூட்டியிருந்தது. படியில் மெழுகு, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, உருகி ஆறிப்போன மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“என்னடா, இன்னும் திறக்கலையா?”

மெழுகு மேலே கையைக் காட்டினான். மாடியில் குடியிருக்கும் கட்டடச் சொந்தக்காரி சாவிக்கொத்தும் துடைப்பமுமாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். லேபுக்குள் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பல் தேய்க்கிற மோட்டார் சத்தத்தைத் திட்டத்தான் அவளுக்குத் தெரியும்.

“பல்செட் விஷயமா வந்தீங்களா? வேற இடம் பாருங்க. காலி பண்ணியாச்சு,” என்றாள்.

“காலியா? முதலாளி எங்கே?”

“அவரா? இன்னைக்குக் காலையில புது வேலைக்குப் போயிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில, பல் பிரிவுலதான். சம்பளம் கம்மிதானாம், ஆனா சாகற வரைக்கும் கவலை இல்லைன்னு ஒரே சந்தோஷம்.”

பூட்டைத் திறந்து, துடைப்பத்தோடு உள்ளே போகப் போனவள், ஏதோ நினைவு வந்து திரும்பினாள்.

“முதல்ல அந்த வேலை வேற எவனுக்கோதான் கிடைச்சுதாம். நல்ல வேளை, அந்தப் பைத்தியக்காரனை நேர்லயே போய்ப் பாத்துப் பேசி, அவன் வாயாலேயே வேண்டாம்னு சொல்ல வெச்சிட்டு வந்தாராம்.”